கான்ட்ராவை மூன்று உயிரில் முடித்தவர் யார்?

பழைய கேசட்:
எல்டன் ரிங்கைப் போன்ற கடினமான ஆட்டம் இதுவரை வந்ததே இல்லை என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். 2022-க்கு முன்னால் யாருமே கன்ட்ரோலரைக் கையில் எடுத்ததில்லை போலும். அந்த ஆட்டத்தில் செத்தால் பக்கத்திலிருக்கும் கிரேஸ் என்ற ஓய்விடத்திலிருந்து எழுந்து வரலாம். பாஸை, அதாவது பெரிய எதிரியை, வெல்ல முடியவில்லையென்றால் வேறு திசையில் போய் லெவலை ஏற்றிக்கொண்டு திரும்பலாம். கான்ட்ரா என்ற பழைய ஓடிச்சுடும் ஆட்டத்தில் ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர் போகும். அதுவரை பொத்திப் பொத்திக் காப்பாற்றி வந்த, விசிறிபோல் குண்டுகளைப் பரப்பும் எஸ் துப்பாக்கியும் கூடவே போகும். மூன்று உயிர்களை வைத்துக்கொண்டு எட்டு ஸ்டேஜ்களைத் தாண்ட வேண்டும். 1997 கோடை விடுமுறையில் நான் அதை முடித்தேன்.

நாற்பதாவது மரணம்:
நேற்று எழுதியவன் நான்தான், ஐயா. ஒரே ஓர் ஐயம்: மூன்று உயிரிலா, முப்பது உயிரிலா? மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று முப்பது உயிர் தரும் ரகசியக் குறியீட்டை அழுத்தாமல் கான்ட்ராவைத் தொடங்கிய ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. எல்டன் ரிங்கின் மலேனியா என்ற பாஸிடம் நாற்பது முறை தோற்று நாற்பத்தொன்றாவது முறை வென்றவன் நான். அந்தக் கணக்கை என் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

பழைய கேசட்:
மூன்று. எழுத்தால் எழுதினால் புரியவில்லையென்றால் எண்ணால் எழுதுகிறேன்: 3. மலேனியாவைத் தாங்கள் வென்றீர்களா, தங்கள் மிமிக் டியர் வென்றதா என்பதையும் தெரிவித்தால் நன்றாக இருக்கும். தன்னைப் போலவே ஓர் உருவத்தை வரவழைத்து, அது அடி வாங்க, தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அது அளவுக்கு மீறி உதவுகிறது என்று தயாரித்தவர்களுக்கே தோன்றியதால்தான், ஆட்டம் வந்த அடுத்த மாதமே 1.03 பேட்ச் என்ற திருத்தத்தில் அதன் வலிமையைக் குறைத்தார்கள்.

நாற்பதாவது மரணம்:
நான் மிமிக் டியரை ஒருமுறைகூட அழைத்ததில்லை.

பழைய கேசட்:
சான்று?

நாற்பதாவது மரணம்:
முதலில் தங்கள் மூன்று உயிருக்குச் சான்று வரட்டும்.

சேலத்து ஜாய்ஸ்டிக்:
இருவரும் சற்றுப் பொறுங்கள். அந்தக் குறியீட்டை முதலில் வைத்தவர், கான்ட்ராவைத் தயாரித்த கோனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986-இல் கிரேடியஸ் என்ற ஆட்டத்தை வீட்டுக் கருவிக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, சோதித்துப் பார்க்க வேண்டிய அவருக்கே ஆட்டம் கைகொடுக்காததால், தமக்கென்று ஒரு குறுக்கு வழி செய்துகொண்டார். அதுவே பின்னர் கான்ட்ராவுக்கும் வந்தது. ஆகவே அதை அழுத்தியவர் வெட்கப்பட வேண்டியதில்லை. மேலும், கான்ட்ரா 1987-இல் காசு போட்டு ஆடும் இயந்திரத்தில் பிறந்த ஆட்டம். ஆடுபவர் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த நாணயம் விழும். கைதேர்ந்தவர் அரை மணி நேரத்தில் முடித்துவிடும் ஓர் ஆட்டத்தை நாம் மாதக்கணக்கில் ஆடியதற்கு அந்தக் கல்லாப்பெட்டிக் கணக்கும் ஒரு காரணம். அதைப் போய்த் திறமைக்கு வைத்த தேர்வு என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

பழைய கேசட்:
வெட்கப்பட வேண்டியவர் அழுத்தியவர். நான் அழுத்தவில்லை; எனவே ஹாஷிமோட்டோவின் ஆறுதல் எனக்குத் தேவையில்லை. கல்லாப்பெட்டிக்காகக் கடினமாக்கினாலும் கடினம் கடினம்தான். இன்றைய ஆட்டங்களில் கடினத்தையே மெனுவில் ஒரு வரியாக வைத்துவிட்டார்கள். வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் அணைத்தே விடலாம்.

நாற்பதாவது மரணம்:
2017-இல் வந்த கப்ஹெட்டைத் தாங்கள் தொட்டதில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. அது கான்ட்ராவின் வழியில் வந்த ஓடிச்சுடும் ஆட்டம்தான். அதில் சிம்பிள் என்ற எளிய நிலையில் ஒரு பாஸை வென்றால் ஒப்பந்தப் பத்திரம் கிடைக்காது. பத்திரங்கள் எல்லாம் சேராமல் இறுதிக்குப் போகவும் முடியாது. மெனுவில் வரி இருந்தும் என்ன பயன்? அது போகட்டும். முப்பதா, மூன்றா?

இரண்டாம் கன்ட்ரோலர்:
இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. பழைய கேசட் என்ற பெயரில் எழுதுபவர் என் பெரியப்பா மகன். அந்தக் கோடையில் ஸ்டார்ட் பொத்தான்கூட இல்லாத இரண்டாவது கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு அருகில் உட்கார்ந்திருந்தவன் நான். அண்ணா, நாம் ஆடியது மேலே 9999 இன் 1 என்று எழுதியிருந்த மஞ்சள் கேசட். உள்ளே ஏழெட்டு ஆட்டங்கள்தாம் பெயர் மாறி மாறி வரும். பட்டியலில் முதலாவதாக இருந்த கான்ட்ரா, எதையும் அழுத்தாமலே முப்பது உயிர் கொடுத்தது. நீங்கள் குறியீட்டை அழுத்தவில்லை என்பது உண்மைதான். அழுத்த வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது ஸ்டேஜ் அருவியில் நீங்கள் விறுவிறுவென்று மேலே தாவிப் போவீர்கள். திரை உங்களோடு ஏறும். கீழே நிற்கும் நான் யாரும் சுடாமலே சாவேன். உங்கள் உயிர்கள் தீர்ந்ததும் என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வீர்கள். அந்த ஆட்டம் அதற்கு இடம் கொடுத்தது என்பதற்காக, கேட்காமல் எடுப்பது சரியாகிவிடாது.

பழைய கேசட்:
தம்பி, குடும்ப விஷயத்தைப் பொதுவில் கொண்டு வருவது நமக்கு அழகல்ல. இருந்தாலும் வந்துவிட்டதால் பதில் சொல்கிறேன். அருவியில் கூடவே ஏறத் தெரியாதவனுக்காக நான் கீழே காத்திருக்க முடியாது. உனக்கு அப்போது எட்டு வயது. மீதி உயிர்களைக் காட்டத் திரையின் மேல் மூலையில் வரிசையாகத் தெரியும் பதக்கங்களைப் பார்த்து எண்ணினாய் என்றால், முப்பது உயிர் இருந்தாலும் முப்பது பதக்கங்கள் அங்கே தெரியாது என்பதை அறிந்துகொள். மூன்றுதான்.

இரண்டாம் கன்ட்ரோலர்:
பதக்கங்களை யார் எண்ணினார்கள்? ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் முன்னால் கறுப்புத் திரையில் மீதி உயிர் எத்தனை என்று எண்ணாகவே வரும். இருபத்தொன்பது என்று படிக்க எட்டு வயது போதும்.

நாற்பதாவது மரணம்:
இருபத்தொன்பது! சாட்சி வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார்.

பழைய கேசட்:
தாங்கள் மிமிக் டியருக்கு இன்னும் சான்று தரவில்லை என்பதை நினைவூட்டுகிறேன். என் தம்பி சொல்வது அவனோடு சேர்ந்து ஆடிய ஆட்டம். நான் முடித்தது தனியாக, மதிய வேளையில், அவன் உறங்கிக்கொண்டிருந்தபோது.

சேலத்து ஜாய்ஸ்டிக்:
இது புதிய தகவலாக இருக்கிறதே. இத்தனை பதிவுகளில் இதுவரை இந்த மதிய வேளை வரவில்லை.

பழைய கேசட்:
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இரண்டாம் கன்ட்ரோலர்:
அண்ணா, அந்த மஞ்சள் கேசட் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. பொங்கலுக்கு எடுத்து வருகிறேன். ஊதிப் போட்டுப் பார்த்துவிடலாம். எத்தனை உயிர் என்று எல்லோரும் பார்க்கட்டும்.

பழைய கேசட்:
தாராளமாக எடுத்து வா. ஆனால் நான் ஆடியது கறுப்புக் கேசட்.