சின்னப் பிள்ளைகளின் பல் சீரமைப்பு: எங்கே கற்கலாம்?

வணக்கம் டாக்டர்களே. பி.டி.எஸ். முடித்து, சின்ன ஊரில் கிளினிக் வைத்திருக்கிறேன். 8, 9 வயதுப் பிள்ளைகளுக்கு மேல் முன்பல் ஒன்று கீழ்ப்பல்லுக்கு உள்பக்கமாக மாட்டியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். கடிக்கும்போதெல்லாம் கீழ்ப்பல் இடிபட்டு, அந்த இடத்தில் ஈறு இறங்கிவிடுகிறது. பல் மட்டும் சாய்ந்திருந்தால், இசட் ஸ்பிரிங் (பல்லை முன்னால் தள்ளும் Z வடிவக் கம்பி) வைத்த, கழற்றி மாட்டும் பிளேட்டிலேயே சரியாகக்கூடியது. பல் சீரமைப்பு (ஆர்த்தோ) நிபுணரிடம் போகச் சொன்னால், நகரத்துக்குப் பஸ் ஏற வேண்டுமே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மனசு கேட்கவில்லை.

முழு பிரேஸ் வேலைக்கு நான் வரவில்லை. அதற்கு 3 வருட எம்.டி.எஸ். மேற்படிப்பு படித்தவர்கள் இருக்கிறார்கள். கோளாறு பல்லிலா, தாடை எலும்பிலா என்று பிரித்தறியும் அளவுக்கு செஃபலோமெட்ரி (தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரேயை அளந்து பார்ப்பது) தெரிய வேண்டும். டைப்போடான்ட்டில் (பயிற்சிக்கான பல் மாதிரியில்) கையால் செய்து பழக, ஞாயிறு வகுப்பு தமிழ்நாட்டில் எங்கே நன்றாக நடக்கிறது? அப்புறம், எந்தக் கேஸைத் தொடாமல் அனுப்பிவிட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.