மாண்டலினில் மேலே போகப் போக ஸ்ருதி விலகுகிறது

கேள்வி:
4,000 ரூபாய்க்கு மாண்டலின் வாங்கி 3 வாரம் ஆகிறது. 8 கம்பி, ஜோடி ஜோடியாக. ட்யூனரில் ஜி, டி, ஏ, இ சரியாகவே காட்டுகிறது. ஆனால் 7ஆவது பிரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) தாண்டினால் அபஸ்வரம். சரளி வரிசையில் மேல் ஷட்ஜம் தொடும்போது காது கூசுகிறது. விரல் நுனியும் கன்றிவிட்டது. கருவி கோளாறா, என் கையா?

பதில் 1:
கையில் குறை இல்லை. மாண்டலின் பிரிட்ஜை, அதாவது உடல்மேல் கம்பிகளைத் தாங்கும் கட்டையை, ஒட்டியிருக்க மாட்டார்கள். கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. வரும் வழியில் நகர்ந்திருக்கும். 12ஆவது பிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டுங்கள், அப்புறம் அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். அழுத்தியது ஏறி ஒலித்தால், கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி பிரிட்ஜை வால் பக்கம் (கழுத்துக்கு எதிர்ப்புறம்) ஒரு நூலளவு தள்ளுங்கள். எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றிவிடாதீர்கள், பிரிட்ஜ் கையோடு வந்துவிடும். அதன் இரு பக்கத் திருகுச் சக்கரங்களை இறக்கினால் கம்பி தாழும், விரல் வலி பாதி குறையும்.

பதில் 2:
கர்நாடக இசைக்கென்றால் ஒரு வார்த்தை. ஜோடிக் கம்பியை இழுத்துக் கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) கொண்டுவருவது பெரும்பாடு. கர்நாடக இசை மாண்டலின் மேதை யு. ஸ்ரீநிவாஸ் வாசித்தது ஒற்றைக் கம்பிகள் 5 கொண்ட எலக்ட்ரிக் மாண்டலின். நான் ஜோடிக்கு ஒன்றாகக் கழற்றிவிட்டு, 4 கம்பியில்தான் பழகினேன். சத்தம் குறையும், ஆனால் காந்தாரம் அசையும்போது கிடைக்கிற சுகம் தனி.

கேட்டவர்:
பிரிட்ஜை அரிசி அகலம்தான் நகர்த்தினேன். மேல் ஷட்ஜம் சேர்ந்துவிட்டது! ராத்திரி 11 மணிவரை கீழே வைக்கவில்லை. இரண்டு பேருக்கும் நன்றி.