உயரம் 112, நிறை 15.6 கிலோ: மகளுக்கு எந்தக் கார் சீற்?

ஸ்காபரோ அம்மா

வணக்கம். மகளுக்கு நாலரை வயது. சுவரோடு நிறுத்தி அளந்தால் 112 சென்ரிமீற்றர், நிறை 15.6 கிலோதான். அவளுடைய அப்பாவின் பக்கம் எல்லோரும் இப்படித்தான், பனை மாதிரி உயரம், சதை பிடிக்காது. வளர்ச்சி வடிவாக இருக்கிறது என்று குடும்ப வைத்தியர் சொல்லிவிட்டார். என் கவலை கார் சீற்.

போன ஞாயிறு கோவிலுக்கு வெளிக்கிடும்போதுதான் கவனித்தேன். சீற்றின் முதுகிலிருந்து வரும் இரண்டு வார்களும் அவளுடைய தோளுக்குக் கீழே தொடங்கி, மேலே ஏறி, தோளைச் சுற்றிக்கொண்டு முன்னுக்கு வருகின்றன. தலைப்பகுதியை ஆக மேலே இழுத்துவிட்டேன், இனி இடமில்லை. ஒரு விரல் அகலத்துக்குத் தோள் மேலே நிற்கிறது. ஆனால் லேபிளில் 29.5 கிலோ, 124 சென்ரிமீற்றர் வரை என்று இருக்கிறது. இரண்டுக்கும் அவள் இன்னும் வரவில்லையே!

கடையில் கேட்டேன். "பிள்ளை நல்ல உயரம்தானே, பூஸ்ரர் எடுங்கள்" என்றார்கள். காரின் பெல்ற்றையே போடும்படி பிள்ளையை உயர்த்தி இருத்துகிற சீற் அது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் குறைந்தது 18 கிலோ என்று போட்டிருக்கிறது. லண்டனில் இருக்கிற தம்பி, அங்கே உயரத்தை வைத்துத்தான் சீற் விற்கிறார்கள், ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்கிறான். யாராவது இந்த நிலையில் இருந்திருக்கிறீர்களா?

மார்க்கம் ரதி

தங்கச்சி, நான் இருந்திருக்கிறேன். என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. ஐந்து வயதில் அவனும் உங்கள் பிள்ளை மாதிரித்தான், நெட்டையும் மெலிவும். அந்த நேரத்தில் எனக்குச் சரியாகச் சொல்ல ஒருவரும் இல்லை. பிறகு நானே கார் சீற் பொருத்திப் பார்க்கும் பயிற்சி எடுத்தேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்தச் சீற் அவளுக்கு முடிந்துவிட்டது. லேபிளில் உள்ள நிறை, உயரம், ஆக மேலே உள்ள வார்த் துளை, இந்த மூன்றில் எது முதலில் கடந்தாலும் சீற் முடிந்ததுதான். 124 என்பது நின்றுகொண்டு அளக்கிற உயரம். பிள்ளை காரில் நிற்பதில்லையே. சிலருக்குக் கால் நீளம், சிலருக்கு உடம்பு நீளம். ஒரே 112 உள்ள இரண்டு பிள்ளைகள் இருந்து பார்த்தால் தோள் ஒரே இடத்தில் வராது.

முன்னோக்கி இருக்கும் பிள்ளைக்கு வார் தோள் மட்டத்தில் அல்லது அதற்கு மேலே தொடங்க வேண்டும். கீழே தொடங்கினால், மோதும்போது உடம்பு முன்னுக்குப் பாய, வார் தோளைக் கீழ்நோக்கி அமுக்கும். அந்த அழுத்தம் முதுகெலும்புக்குப் போகும். ஒரு விரல்தானே என்று விடாதீர்கள்.

இரண்டாவது, பூஸ்ரர் வேண்டாம். கனடாவில் பூஸ்ரருக்கு 18 கிலோ வேண்டும், உயரம் அதை ஈடு செய்யாது. ஒன்ராறியோச் சட்டத்திலும் 9 முதல் 18 கிலோ வரை முன்னோக்கிய சீற், அதற்குப் பிறகு 8 வயதோ 36 கிலோவோ 145 சென்ரிமீற்றரோ வரும்வரை பூஸ்ரர். கடையில் சொன்னவருக்கு உயரம் கண்ணில் பட்டிருக்கும், நிறை படவில்லை. பூஸ்ரரில் பிள்ளையைப் பிடிப்பது பெரியவர்களின் பெல்ற் மட்டும்தான். இடுப்பெலும்பில் படிந்து கிடக்கவேண்டிய அந்தப் பெல்ற் வயிற்றுக்கு ஏறினால் ஆபத்து. நாலரை வயதுப் பிள்ளை நித்திரையானால் ஒரு பக்கம் சரியும், கீழே விழுந்ததை எடுக்கக் குனியும். என் மகன் நித்திரையானால் தலை கதவில், கால் மற்றப் பக்கம்! இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவில் ஒன்று என்று பிடிக்கிற ஐந்து முனைப் பெல்ற் அப்படி நழுவ விடாது.

உங்களுக்குத் தேவை, வார்த் துளை உயரமாக உள்ள சீற். ஐந்து முனைப் பெல்ற்றோடு பாவித்து, பிறகு அதையே பூஸ்ரராக மாற்றக்கூடிய வகை இருக்கிறது. அவற்றில் பலவற்றுக்கு மேல் துளை உயரம். பெட்டியில் 29.5 கிலோ என்று இருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள், உங்களிடம் இருப்பதிலும் அதேதானே எழுதியிருக்கிறது.

பிள்ளையைத் தரையில் சுவரோடு முதுகை ஒட்டி இருத்துங்கள். ஒரு புத்தகத்தைத் தோளில் படுக்க வைத்துச் சுவரில் முட்டவிட்டு, பென்சிலால் கோடு போடுங்கள். தரையிலிருந்து கோடு வரை அளவுநாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கடைக்கு அதே நாடாவோடு போய், சீற்றில் பிள்ளை இருக்கிற இடத்திலிருந்து ஆக மேலே உள்ள துளை வரை அளந்து பாருங்கள். பஞ்சைக் கையால் அமுக்கிக்கொண்டு அளக்க வேண்டும். இந்த வயதில் வருடத்துக்கு ஆறேழு சென்ரிமீற்றர் வளர்வார்கள், அதில் பாதிக்குக் கிட்டத்தான் உடம்புக்குப் போகும். 18 கிலோ வர அவளுக்கு ஒன்றரை வருடமாவது ஆகலாம். அதனால் தோளுக்கு மேல் ஐந்து சென்ரிமீற்றர் மிச்சம் இருக்கிற சீற்றைத் தேடுங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்க் கடையிலேயே இருத்திப் பாருங்கள்.

லண்டன் சீற் வேண்டாம். கனடாவில் பாவிக்கும் சீற்றில் தேசிய பாதுகாப்பு முத்திரை, அந்த மேப்பிள் இலைப் படம், இருக்க வேண்டும். வேறு நாட்டுச் சீற் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இங்கே சட்டப்படி பாவிக்க முடியாது. அமெரிக்காவில் வாங்கி எல்லை தாண்டிக் கொண்டுவருவதும் அப்படித்தான்.

ஹரோ மாமா

லண்டனில் இருந்து ஒரு வார்த்தை. தம்பி சொன்னது பாதி சரி. இங்கே புதிய ஆர்129 விதியில் சீற் உயரத்தை வைத்துத்தான். ஆனால் அதில் ஐந்து முனைப் பெல்ற் வழக்கமாக 105 சென்ரிமீற்றரோடு முடிந்துவிடும். 112 உள்ள பிள்ளையை முதுகுள்ள பூஸ்ரரில்தான் இருத்துவோம், 135 சென்ரிமீற்றர் அல்லது 12 வயது வரும்வரை. இரண்டு தோள் வார்களையும் நெஞ்சில் சேர்க்கிற நெஞ்சுக் கிளிப் எங்கள் சீற்றுகளில் கிடையாது. முறையே வேறு, பிள்ளை அங்கே இருக்கும்போது அங்கத்தைய சீற்தான்.

இரண்டு பிள்ளை அப்பா

ரதி அக்கா எல்லாம் சொல்லிவிட்டார். நான் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

முன்னோக்கிய சீற்றின் முதுகில் மேலே ஒரு வார் தொங்கும், ரெதர் என்பார்கள். கனடாவில் அதைக் கட்டாயம் கொளுவ வேண்டும். எங்கள் வானில் அதற்கான கொக்கி இருக்கையின் பின்பக்கத்தில் கீழே ஒளிந்திருந்தது, டோர்ச் அடித்துத்தான் கண்டுபிடித்தேன். அது இல்லாவிட்டால் மோதும்போது பிள்ளையின் தலை இன்னும் எவ்வளவோ முன்னுக்குப் போகும், உயரமான பிள்ளையின் தலை முன்இருக்கைக்கு இன்னும் கிட்ட.

மற்றது பனிக்கால ஜக்கெற். ஒருக்கால் செய்து பாருங்கள். தடித்த ஜக்கெற்றோடு பூட்டி இறுக்குங்கள். பிறகு வாரைத் தளர்த்தாமல் கழற்றி, ஜக்கெற்றை எடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள். என் சின்னவனுக்கு என் முழுக் கையும் உள்ளே போனது. அன்றிலிருந்து காருக்குள் மெல்லிய சுவெற்றர்தான், பூட்டிய பிறகு மேலே போர்வை. மெலிந்த பிள்ளைக்குக் குளிருமே என்று அம்மம்மா கதைப்பார், போர்வையைக் காட்டினால் சமாதானம்.

ஸ்காபரோ அம்மா

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அளந்தேன். சுவரில் கோடு 41 சென்ரிமீற்றரில், எங்கள் சீற்றின் துளை 40 இல். அக்கா சொன்னபடியேதான்.

இன்று அவளையும் கூட்டிக்கொண்டு போனோம். மூன்று சீற் பார்த்தோம். முதலாவது 42, வேண்டாம் என்று விட்டேன். இரண்டாவது 46, ஆனால் எங்கள் சின்னக் காரில் தலைப்பகுதி பின்கண்ணாடியோடு முட்டியது. மூன்றாவதும் 46, பொருந்துகிறது, மேப்பிள் இலை முத்திரையும் ரெதரும் இருக்கின்றன. வாங்கிவிட்டோம். பழையதின் அடியில் காலாவதித் திகதியும் கிட்டத்தட்ட முடிகிறது, அதனால் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை.

ஒரு கேள்வி. தோளருகில் வாரைக் கிள்ளிப் பார்க்கும்போது விரலுக்குள் துணி கொஞ்சம்கூட வரக்கூடாதா? நான் இறுக்கினால் "அம்மா, மூச்சு முட்டுது" என்கிறாள்.

மார்க்கம் ரதி

மூன்றாவதை எடுத்தது நல்லது, தங்கச்சி. வாரை நீளவாக்கில் கிள்ள வேண்டும், மடிப்பாக வரக்கூடாது, விரல் வழுக்க வேண்டும். நெஞ்சுக் கிளிப் அக்குள் மட்டத்தில் இருக்கட்டும். அது வயிற்றுக்கோ கழுத்துக்கோ போயிருந்தாலும் பிள்ளைகள் மூச்சு முட்டுது என்பார்கள். இறுக்குவதற்கு முதல் அவளுடைய இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முதுகு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் அப்படியே சொன்னால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், முகம் தெரியத் தேவையில்லை, தோளும் கிளிப்பும் தெரிந்தால் காணும்.