1824-க்கும் 1829-க்கும் இடையே ஒரு முடிச்சு: உதவி வேண்டும்

வணக்கம். அமெரிக்கக் கூட்டாட்சியின் தொடக்ககால வழக்குகளைப் பற்றிச் சட்ட மாணவர்களுக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதி வருகிறேன். ஓரிடத்தில் விவரம் அறிந்தவர்களின் துணை தேவைப்படுகிறது.

1819-ஆம் ஆண்டின் மெக்கலக் வழக்கு தெளிவாகவே இருக்கிறது. மத்திய வங்கி மேரிலாந்தில் நோட்டு வெளியிட வேண்டுமானால் மாநிலத்தின் முத்திரைத்தாளில்தான் அச்சிட வேண்டும், இல்லையேல் ஆண்டுக்கு 15,000 டாலர் கட்ட வேண்டும் என்றது அந்த மாநிலம். அந்த வரி செல்லாது என்றார் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி மார்ஷல்.

சிக்கல் வணிகப் பிரிவில்தான், அதாவது மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மத்திய நாடாளுமன்றத்துக்குத் தரும் அரசியலமைப்புப் பிரிவில். நியூயார்க் வழங்கிய நீராவிப் படகுத் தனியுரிமை, 1793-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி படகு உரிமையாளர் கிப்பன்ஸ் பெற்றிருந்த கரையோரக் கப்பல் போக்குவரத்து உரிமத்தின் முன் நிற்காது என்று 1824-இல் தீர்ப்பானது. ஆனால் 1829-இல், டெலவேரின் பிளாக் பேர்ட் ஓடையில் மாநில அனுமதியுடன் கட்டிய அணையை மத்திய உரிமம் பெற்ற படகுக்காரர்கள் உடைத்தபோது, அதே மார்ஷல் அணையின் பக்கம் நின்றார். இரண்டும் படகு ஓடும் நீர்வழிதான், இரண்டிலும் மத்திய உரிமம் இருந்தது. பிறகு ஏன் இந்த மாற்றம்?

இப்படி அணை கட்டிச் சதுப்பு நிலத்தை வற்றவைத்துச் சுகாதாரம் காப்பது மாநிலத்தின் வேலை என்ற வாதமே அடிப்படை என்று நான் கருதுகிறேன். மாநில உரிமைக் குரல்களுக்கு நீதிமன்றம் சற்றுப் பணிந்தது என்போரும் உண்டு. இரண்டு தீர்ப்புகளையும் முழுமையாகப் படித்தவர்கள் எந்த விளக்கம் வலுவானது என்று காரணத்துடன் எழுதுங்கள். 1824-இல் நீதிபதி ஜான்சன் எழுதிய தனித் தீர்ப்பை இதில் எப்படிப் பொருத்துவது என்றும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.