மலேசியாவில் பெர்சே (நியாயமான தேர்தல் கேட்ட இயக்கம்), ஹிண்ட்ராப் (இந்தியர் உரிமை இயக்கம்) நாள்கள்: உங்களுக்கு மறக்காத ஒரு நிமிடம்?

கிள்ளான்வாசி:
2011 ஜூலை 9, பெர்சே பேரணி. கண்ணீர்ப் புகைக் கதை எல்லாருக்கும் தெரியும், எனக்கு மறக்காதது அதற்கு முந்தியது. பெர்சே சட்டவிரோதம் என்று அறிவித்தாயிற்று, இயக்கத்தின் நிறமான மஞ்சளில் சட்டை போட்டாலே பிடிக்கிறார்கள். சாலைத் தடுப்பில் எங்கள் பஸ்ஸில் ஏறிய இளம் போலீஸ்காரர் ஒவ்வொரு பையாகத் துழாவினார். என் பக்கத்து அம்மாவின் பையில் மஞ்சள் துண்டு. "கோயிலுக்கு" என்று மலாயில் சொன்னார், முகத்தில் சலனமே இல்லை. அவர் துண்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மடித்து உள்ளே வைத்துவிட்டு இறங்கிப் போனார். கோலாலம்பூர் புடுராயாவில் மழைக்குள் அந்த அம்மாவை மறுபடி பார்த்தேன். துண்டு தலையில் முண்டாசாக இருந்தது.

ஈப்போ அண்ணன்:
2011-லிருந்தா கணக்கு தொடங்குகிறீர்கள், தம்பி? 2007 நவம்பர் 25, ஹிண்ட்ராப் பேரணி நாள், விடியுமுன் பத்துமலை. வாசல் கதவு பூட்டிக் கிடக்க, உள்ளே இருந்த எங்கள் மேல் ரசாயன நீரும் புகையும். முருகன் சிலைக்குக் கீழே ஒரு தாத்தா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "கோயிலுக்குள்ளயா? கோயிலுக்குள்ளயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டிசம்பரில் ஹிண்ட்ராப் தலைவர்கள் ஐந்து பேரை இசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கமுந்திங் தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள், விசாரணையே இல்லை. அடுத்த மார்ச் தேர்தலில் ஆளும் பாரிசான் கூட்டணியின் மூன்றில் இரண்டு பெரும்பான்மை யாரால் போனது?

மழைத்துளி:
அண்ணே, அடியால் மட்டும் அந்தக் கூட்டணி 61 வருஷம் ஆண்டிருக்க முடியுமா? தேர்தல் முறையும் கைகொடுத்தது. 2013-இல் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து பாத்திரம் கழுவினேன், விரலில் இருந்த 'அழியா மை' சோப்போடு போய்விட்டது. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். இரவு முடிவு வந்தபோது சிரிக்கவில்லை. பாரிசானுக்கு 47 விழுக்காடு வாக்கு, 222-இல் 133 இடம்! காப்பார் தொகுதியில் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல் வாக்காளர்கள், புத்ராஜெயாவில் 16 ஆயிரம்கூட இல்லை. இரண்டுக்கும் ஆளுக்கு ஓர் எம்பி.

ஜேபிக்காரன்:
2018 தேர்தலின்போது மெல்பர்னில் இருந்தேன். தபால் வாக்குச்சீட்டு கைக்கு வந்தபோது தபாலில் திருப்பி அனுப்ப நேரமே இல்லை. ஊருக்குக் கிளம்பிய, முன்பின் தெரியாத ஒரு சீனப் பெண் விமான நிலையத்தில் எங்கள் வாக்கு உறைகளை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான்.

போராட்டத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வழக்கறிஞர் எண்ணைக் கையிலேயே பேனாவால் எழுதுங்கள், போனைப் பறித்துவிட்டால் எதுவும் நினைவுக்கு வராது. கைரேகைப் பூட்டை எடுத்துவிட்டு எண் பூட்டு போடுங்கள். ஐசி (அடையாள அட்டை) கட்டாயம். நாக்கில் உப்பு வைத்தால் புகை ஏறாது என்பார்கள், நம்பாதீர்கள், நிறையத் தண்ணீர் வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போடுங்கள். தனியாகப் போகாதீர்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள், அம்மாவிடம் இல்லாவிட்டாலும் அண்ணனிடம். பிடித்தால் பெயர், ஐசி எண் சொல்லுங்கள், மற்றதை வழக்கறிஞர் வந்தபின் பேசலாம். அப்புறம், ஷூ. செருப்பு போடவே போடாதீர்கள்.

ஈப்போ அண்ணன்:
யார் கேட்டது இதையெல்லாம்? உறை என்ன ஆச்சு?

ஜேபிக்காரன்:
கோலாலம்பூர் உறைகள் சேர்ந்தன, அண்ணே. என்னுடையது ஜொகூர் போய்ச் சேர்வதற்குள் கெடு நேரமான மணி ஐந்து தாண்டிவிட்டது.