பனிமனிதன் வயிற்றில் இருந்தது "இந்தியக் கிருமி"யா?

பழையசோறு:
வரலாற்றுப்பித்தன் நேற்று போட்ட பதிவைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. 1991-ல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த 5,300 வருடத்து உடல், ஓட்சி. அவன் வயிற்றில் "இந்தியக் கிருமி" இருந்ததாம், நம் ஆட்கள் அப்போதே ஐரோப்பா போய்விட்டார்களாம்! 2016-ல் வந்த ஆய்வு சொன்னது, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்த வயிற்றுக் கிருமி இன்று மத்திய ஆசியாவிலும் தெற்காசியாவிலும் இருக்கும் வகைக்கு நெருக்கமானது என்றுதான்.

வரலாற்றுப்பித்தன்:
தெற்காசியா என்றால் எது சார்? அண்டார்டிகாவா?

பழையசோறு:
மத்திய ஆசியாவை மட்டும் வசதியாக விழுங்கிவிட்டீர்கள். இந்தக் கிருமி மனிதனோடு கிழக்கு ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பிச் சுமார் 58,000 வருடம் ஆகிறது. பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது. அதனால்தான் யார் எங்கே குடிபெயர்ந்தார்கள் என்ற தடம் அதன் மரபணுவில் கிடக்கிறது. இன்றைய ஐரோப்பிய வகை, ஆசிய வகையும் ஆப்பிரிக்க வகையும் கலந்தது. ஓட்சியிடம் அந்தக் கலப்பு அநேகமாக இல்லை. ஐரோப்பாவில் பிறகு கலந்தது, ஆசியாவில் பழையபடி தங்கியது. ஒரே பாட்டியின் செம்பு இரண்டு வீட்டிலும் இருந்தால், ஒரு வீடு இன்னொரு வீட்டிலிருந்து தூக்கியது என்று அர்த்தமா?

மாத்திரைடப்பா:
இதே கிருமிக்கு 14 நாள் மாத்திரை தின்றேன். வாயெல்லாம் கசப்பு. இதில் பெருமை வேறா?

வரலாற்றுப்பித்தன்:
58,000 என்பதும் கணினி போட்ட கணக்குதானே? அது மட்டும் வேதவாக்கு! கீழடி இழையிலும் இப்படித்தான் மட்டம் தட்டினீர்கள். மறக்கவில்லை.

பழையசோறு:
கீழடி எங்கே வந்தது இதில்? ஓட்சியின் சொந்த மரபணுவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அனடோலிய, அதாவது இன்றைய துருக்கிப் பக்கத்து, ஆதி விவசாயிகளுடையது. 2023 ஆய்வு. படித்துவிட்டு வாருங்கள் தம்பி.

வரலாற்றுப்பித்தன்:
தம்பி என்று கூப்பிடும் வேலை வேண்டாம்.

ஆவணிமழை:
ஓட்சி இல்லை, ஏட்சி. ஜெர்மன் உச்சரிப்பு.

பழையசோறு:
ஏட்சியும் இல்லை. உதட்டைக் குவித்துக்கொண்டு எ சொல்ல வேண்டும். தமிழில் அதற்கு எழுத்தே கிடையாது.

மாத்திரைடப்பா:
ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984-ல் இந்தக் கிருமியைக் குடித்தார், அதற்கே பின்னால் நோபல் வாங்கினார். நான் மாத்திரைச் சீட்டுதான் வாங்கினேன்.

பழையசோறு:
குடித்ததற்கா கொடுத்தார்கள்? வயிற்றுப்புண்ணுக்கு இதுதான் காரணம் என்று அவரும் கூட ஆராய்ந்த ராபின் வாரனும் கண்டுபிடித்ததற்கு. சரி, அதை விடுங்கள். "நெருக்கம்" வேறு, "இங்கிருந்து போனது" வேறு. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

வரலாற்றுப்பித்தன்:
நானும் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். தெற்காசியா என்று எழுதியிருக்கிறதா, இல்லையா?