அப்பாவின் றலி சைக்கிள்: டயோட்டுகளைக் கழற்றலாமா?

விசுவமடு மகன்:
வணக்கம். அப்பாவின் றலி சைக்கிளைத் திருத்த எடுத்திருக்கிறேன். 2009 தை மாதம் இடம்பெயர்ந்தபோது அதைக் கிணற்றடியில் சாய்த்துவிட்டுப் போனோம். செட்டிகுளம் முகாமிலிருந்து அடுத்த ஆண்டு திரும்பியபோது வளவெல்லாம் பற்றை. சைக்கிளைக் கொடி மூடியிருந்தது. பின்சில்லும் இருக்கையும் போய்விட்டன. முன்பக்கத்து நாரைத் தலைச் சின்னம் மட்டும் அப்படியே இருந்தது.

பாரின் கீழே ரியூப் வாரால் கட்டிய சிறு தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே டைனமோ மின்சாரத்தை றேடியோவுக்கு ஏற்றதாக மாற்றும் நான்கு டயோட்டுகளும் ஒரு கொன்டென்சரும். போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார், நான் பெடலைக் கையால் சுற்றுவேன், டைனமோவில் றேடியோ பாடும். பிபிசி தமிழோசை கேட்க அயலார் முற்றத்தில் வந்து குந்தியிருப்பார்கள். என் கை சோர்ந்தால் செய்தி அமுங்கிவிடும். உடனே எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

பழைய சைக்கிள்கள் சேர்க்கும் நண்பர் ஒருவர், அந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்து, பெயின்டை உரித்துப் புதிதாக அடித்தால்தான் மதிப்பு என்கிறார். செய்யலாமா? பெட்டியிலிருந்து முன்விளக்குக்கும் ஒரு வயர் போகிறது. பகலிலும் அப்பா விளக்கை எரியவிட்டதன் காரணம் இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கிராங்கை, அதாவது பெடல் தண்டை, அச்சோடு பூட்டும் கொட்டர் பின்னும் இறுகிக் கிடக்கிறது.

பழைய சில்லு, கிளிநொச்சி:
தம்பி, அந்தப் பெட்டியில் கை வைக்காதீர்கள். நாற்பது வருடமாகச் சைக்கிளும் றேடியோவும் சேர்த்துத் திருத்துகிறேன். நொட்டிங்ஹாம் தொழிற்சாலையிலிருந்து வந்த கறுப்பு றலி உலகமெங்கும் கிடைக்கும். உங்கள் அப்பா பற்றவைத்த நான்கு டயோட்டுகள் வேறெங்கும் கிடைக்காது. உங்கள் நண்பர் சொல்வது விற்பவனுக்கான கணக்கு.

விளக்கு எரிந்ததற்குக் காரணம் உண்டு. சுமை இல்லாத டைனமோவை வேகமாகச் சுற்றினால் 6 வோல்ட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். றேடியோ இழுப்பது மிகக் கொஞ்சம். 6 வோல்ட், 2.4 வாட் குமிழ் ஒன்றையும் சேர்த்து எரியவிட்டால் மிச்சத்தை அது குடித்துவிடும், றேடியோ தப்பும். சுற்றியது சின்னப் பெடியன், ஆர்வத்தில் வேகமாகச் சுற்றுவான் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அப்போது மல்லாவியில் ஒரு கொட்டிலில் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தேன். பற்றரி தடைப் பட்டியலில் இருந்த காலம். குமிழ் போடாமல் சுற்றி எரிந்துபோன றேடியோக்கள் என் மேசைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன.

கொன்டென்சர் இத்தனை வருடத்தில் உலர்ந்திருக்கும். 1000 மைக்ரோபரட், 16 வோல்ட் புதியது ஒன்றைப் போடுங்கள். பழையதை வயரிலிருந்து விடுவித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

கொட்டர் பின்னுக்கு ஓர் இரவு மண்ணெண்ணெய் விடுங்கள். மறுநாள் நட்டைப் பின்னின் நுனி மட்டத்துக்குத் தளர்த்தி, கிராங்கின் கீழே நிலத்தில் ஊன்றிய இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, ஒரே அடி பலமாக அடியுங்கள். முட்டுக் கொடுக்காமல் பத்து அடி அடித்தால் உள்ளே அச்சைத் தாங்கும் குண்டுகளும் அவை உருளும் கோப்பையும்தான் அடி வாங்கும். கோப்பைகள் கவனம்: பழைய றலியில் அங்குலத்துக்கு 26 புரி, மற்ற சைக்கிள்களில் பெரும்பாலும் 24. கடையில் கிடைப்பதை முறுக்கி ஏற்றினால் சட்டத்தின் புரியே அழிந்துவிடும். பழைய கோப்பையைக் கழுவிக் கிறீஸ் போட்டு அதையே பூட்டுங்கள். ரயர் 28 × 1½, அது கிடைக்கும்.

தையல்காரி, வவுனியா:
பெயின்டைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மம்மாவின் தையல் இயந்திரத்தைத் துடைக்க ஒருமுறை ஸ்பிரிட் எடுத்தேன். தொட்ட இடத்துப் பொன் கோலம் துணியோடு வந்துவிட்டது. அந்த வெற்றிடத்தை இப்போதும் என்னால் பார்க்க முடிவதில்லை. சட்டத்தில் எழுத்தோ கோடோ மிச்சம் இருந்தால் ஸ்பிரிட்டும் தின்னரும் வேண்டாம். சவர்க்கார நீரில் நனைத்த மெல்லிய துணியும் பிறகு தையல் இயந்திர எண்ணெயும் போதும். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், நாளடைவில் பிசினாகிவிடும். ஹான்டிலில் குரோம் மிச்சம் இருந்தால் சாக்லேட் சுற்றிவரும் வெள்ளித்தாளைக் கசக்கி, தண்ணீரில் தோய்த்துத் தேயுங்கள். துரு கரைந்து கறுப்புச் சேறாக வரும்.

விசுவமடு மகன்:
ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. கொட்டர் பின் இன்று காலை ஒரே அடியில் வந்துவிட்டது. டயோட்டுகளை மீற்றரில் பார்த்தேன், மூன்று நல்லவை, ஒன்று போய்விட்டது. அதை மட்டும் மாற்றுகிறேன். குமிழின் காரணத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பெடியன் வேகமாகச் சுற்றுவான்" என்று அப்பா அவரிடமும் சொன்னாராம். பரந்தன் பக்கம் பழைய பின்சில்லு ஒன்று இருப்பதாகக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.